வீடு அசையாம தின்னும்: செலவையும் குப்பையையும் குறைக்க படிப்படியா ஒரு முழு வழிகாட்டி

யானை அசைஞ்சு தின்னும், வீடு அசையாம தின்னும்னு ஒரு பழமொழி இருக்குல்ல, சின்ன வயசுல அத ஏதோ விடுகதைன்னு நெனச்சிருக்கேன், சொந்தமா ஒரு வீட்ட நடத்த ஆரம்பிச்ச மூணாவது மாசம் தான் அர்த்தம் புரிஞ்சுது. பெருசா எதுவும் வாங்கல, எங்கயும் போகல, ஆனா மாசக் கடைசில கையில ஒண்ணும் இல்ல. உடனே எல்லாரும் பண்றதத்தான் நானும் பண்ணேன், எது எங்க விலை கம்மின்னு தேட ஆரம்பிச்சேன், தேஞ்சுபோன சோப்பு துண்ட எல்லாம் ஒட்டவெச்சேன், பேஸ்ட் ட்யூப்ப வெட்டி வழிச்சேன். அதே வாரம் ஃபிரிட்ஜ் அடித்தட்டுல ஒரு முழுக் கட்டு கீரை அழுகி தண்ணியா கெடந்துச்சு. ட்யூப்ப வழிச்சு மிச்சம் பிடிச்சதெல்லாம் அந்த ஒரு கட்டுக்கு ஈடாகல.

அதனால இங்க வரிசைய மாத்தி வெச்சிருக்கேன். கம்மி விலைக்கு வாங்குறது கடைசில தான் வரும். ஏற்கனவே காசு குடுத்து வீட்டுக்குள்ள கொண்டுவந்தது எங்க ஓடிப்போகுதுன்னு பாக்குறது தான் முதல் வேலை.

படி 1: ரெண்டு வாரம் குப்பைத்தொட்டிய கவனிங்க

ஒரு பேப்பரும் பேனாவும் தொட்டிக்கு மேல ஒட்டி வெச்சிருங்க. தூக்கிப்போடுற ஒவ்வொரு சாப்பாட்டுப் பொருளையும் எழுதணும், என்ன, எவ்ளோ, ஏன். "பிரெட், பாதி, பூஞ்சை." "சோறு, ஒரு கிண்ணம், அதிகமா வடிச்சோம்." இவ்ளோ தான், கிராம் கணக்கெல்லாம் வேணாம். வீட்டுல எல்லாரும் எழுதணும், முக்கியமா யாரு ஃபிரிட்ஜ க்ளீன் பண்றாங்களோ அவங்க. முதல் நாலு நாள் ஒழுங்கா எழுதுவாங்க, அப்புறம் விட்டுருவாங்க, திட்டாம ஞாபகப்படுத்துங்க, ஏன்னா இது யாரு தப்புன்னு கண்டுபிடிக்கிற வேலை இல்ல.

இது நம்ம வீட்டு வியாதி மட்டும் இல்லங்க. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024ல வெளியிட்ட அறிக்கைல, 2022ல மட்டும் உலகத்துல 105 கோடி டன் உணவு வீணாச்சுன்னு சொல்றாங்க, அதுல 60 சதவீதம் ஓட்டல்லயோ கடைலயோ இல்ல, வீடுகள்ல. ஒரு ஆளுக்கு வருஷம் 79 கிலோ. நாலு பேரு இருக்குற வீட்டுக்குக் கணக்கு போட்டுப் பாருங்க, 300 கிலோவுக்கு மேல.

ரெண்டு வாரம் முடிஞ்சதும் அந்த பேப்பர்ல திரும்பத் திரும்ப வர்ற மூணு பொருள வட்டம் போடுங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல திருத்தப் போனா ஒண்ணும் நடக்காது, அந்த மூணு போதும். எங்க வீட்டுல கீரை, பிரெட், மிச்ச சோறு.

படி 2: ஃபிரிட்ஜ ஒழுங்குக்கு கொண்டுவாங்க

இதுல கொஞ்சம் நேரம் செலவு பண்ணுங்க, ஏன்னா சாப்பாடும் கரண்டும் ரெண்டுமே வீணாகுற எடம் இது ஒண்ணு தான். ஒரு டம்ளர் தண்ணிக்குள்ள தெர்மாமீட்டர போட்டு ராத்திரி முழுக்க நடுத்தட்டுல வெச்சுட்டு காலைல பாருங்க, 4 டிகிரியோ கொஞ்சம் கம்மியாவோ இருக்கணும், ஃப்ரீசர் மைனஸ் 18. அதுக்கு மேல சூடா இருந்தா பொருள் சீக்கிரம் கெடும், தேவையில்லாம ரொம்ப குளிர வெச்சா பில்லு ஏறும்.

அடுத்தது கதவு. ஒரு பேப்பர கதவுக்கு நடுவுல வெச்சு மூடி மெதுவா இழுங்க, சும்மா வழுக்கிட்டு வந்துச்சுன்னா அந்த எடத்துல ரப்பர் பீடிங் சரியா பிடிக்கலன்னு அர்த்தம். நாலு பக்கமும் இப்படி பாக்கணும். பாதி நேரம் அழுக்கு தான் காரணம், சோப்புத் தண்ணில துடைச்சாலே சரியாயிடும், இல்லன்னா ரப்பர மட்டும் மாத்தலாம், ஃபிரிட்ஜயே மாத்த வேண்டியதில்ல. பின்னாடி கம்பிச்சுருள் வெளிய தெரியிற மாடலா இருந்தா பிளக்க கழட்டிட்டு தூசிய தட்டுங்க, தூசி படிஞ்சா சூடு வெளிய போகாம கம்ப்ரஸர் அதிக நேரம் ஓடும்.

இப்போ அடுக்குறது. கதவு தான் ஃபிரிட்ஜ்லயே சூடு ஜாஸ்தியான எடம், ஒவ்வொரு தடவ திறக்கும்போதும் வெளிக்காத்து படும், அங்க போய் பால வெக்கிறோம்! சாஸ், ஊறுகாய் மாதிரி சீக்கிரம் கெடாதது கதவுக்கு, பால் உள்ள தள்ளி. கண்ணுக்கு நேரா இருக்குற தட்டுல ஒரு டப்பா வெச்சு "முதல்ல இத தின்னு"ன்னு எழுதி ஒட்டுங்க, இன்னும் ரெண்டு நாள்ல கெடப்போறது எல்லாம் அதுக்குள்ள. கேக்க சிறுபிள்ளைத்தனமா இருக்கும், ஆனா இந்த முழு வழிகாட்டில ஒண்ணே ஒண்ணு தான் செய்வேன்னு சொன்னீங்கன்னா இத செய்யுங்க.

காய்கறி பழத்துல ஒரு சங்கதி இருக்கு. ஆப்பிள், வாழைப்பழம், பழுத்த தக்காளி இதெல்லாம் எத்திலீன்னு ஒரு வாயுவ விடும், அது பக்கத்துல இருக்குறத சீக்கிரம் பழுக்க வெக்கும், கீரைய மஞ்சளாக்கும், கேரட்ட கசக்க வெக்கும். அதனால பழம் தனி, கீரை தனி. கீரைய ஈரம் இல்லாம துணிலயோ டிஷ்யூலயோ சுத்தி டப்பால போட்டா ஒரு நாள்ல வாடுறது நாலஞ்சு நாள் நிக்கும், காளான பேப்பர் கவர்ல வைங்க, பிளாஸ்டிக்ல வேர்த்து கொழகொழன்னு ஆயிடும். உருளைக்கிழங்கு இருட்டுல, காத்தோட்டமா, வெங்காயத்துல இருந்து தள்ளி.

பிரெட்ட ஃபிரிட்ஜ்ல வெக்காதீங்க, அந்தக் குளிர்ல மாவுச்சத்து இறுகி வெளிய இருக்குறத விட வேகமா வறண்டுபோகும். ஃப்ரீசர் பரவால்ல. ஸ்லைஸ் ஸ்லைஸா பிரிச்சு வெச்சுட்டா வேணும்கிறப்போ எடுத்து நேரா டோஸ்டர்ல போடலாம்.

மிச்ச சாப்பாடு விஷயத்துல சிக்கனம் பாக்குறேன்னு ஒடம்ப கெடுத்துக்காதீங்க. சமைச்சது ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய இருக்கக்கூடாது, பெரிய பாத்திரத்தோட வெச்சா நடுவுல ஆறவே ஆறாது, அகலமான சின்ன டப்பாக்கள்ல பிரிச்சு வைங்க. சோறுக்கு இது இன்னும் முக்கியம், வேகவெச்சாலும் சாகாத ஒரு கிருமியோட வித்து அரிசில இருக்கும், வெளிய கெடந்தா அது முளைச்சு விஷம் உண்டாக்கும், அப்புறம் சூடு பண்ணாலும் அந்த விஷம் போகாது. ஃபிரிட்ஜ்ல வெச்ச சாப்பாட்ட மூணு நாலு நாளுக்குள்ள முடிங்க, ஆவி பறக்க சூடு பண்ணி.

தேதியையும் சரியா படிங்க. "இதுக்கு முன் பயன்படுத்தினால் சிறந்தது"ன்னு போட்டிருந்தா அது ருசி, தரம் பத்தினது, அந்த தேதி தாண்டின மறுநாளே பிஸ்கட் விஷமாயிடாது. "இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்"னு போட்டிருக்குற இறைச்சி, மீன் மாதிரி சமாச்சாரம் வேற, அது பாதுகாப்பு பத்தினது, அதுல விளையாட வேணாம்.

படி 3: அடுப்பு

சின்ன படி தான். தண்ணி கொதிச்சதுக்கு அப்புறம் தீய குறைங்க, கொதிக்கிற தண்ணி 100 டிகிரிய தாண்டாது, நீங்க எவ்ளோ பெருசா எரிச்சாலும் சாப்பாடு வேகமா வேகாது, ஆவி தான் ஜாஸ்தி போகும். மூடி போட்டு சமைங்க. பருப்பு பயறு எல்லாம் ஊறவெச்சுட்டு பிரஷர் குக்கர்ல போடுங்க, உள்ள அழுத்தம் ஏறி தண்ணி 120 டிகிரி கிட்ட கொதிக்கிறதால தான் அவ்ளோ சீக்கிரம் வேகுது. தீ பாத்திரத்து அடிய தாண்டி பக்கவாட்டுல ஏறுனா அந்த கேஸ் சமையலறைய சூடாக்கத்தான் உதவும். டீக்கு கெட்டில்ல வெக்கும்போது ரெண்டு பேருக்குன்னா ரெண்டு கப் தண்ணி, முழுசா ரொப்பி கொதிக்கவெச்சுட்டு மிச்சத்த ஆறவிடுறது தான் நாம தினம் பண்ற வேலை.

படி 4: கரண்ட், எது தின்னுதுன்னு கணக்கு போடுங்க

"லைட்ட அணை, ஃபேன அணை"ன்னு வீட்டுல ஒருத்தர் கத்திட்டே இருப்பாங்க, எங்க வீட்டுல அது நான் தான். ஒரு நாள் உக்காந்து கணக்கு போட்டப்போ கொஞ்சம் வெக்கமாயிடுச்சு. கணக்கு ரொம்ப ஈஸி, பொருள் மேல போட்டிருக்குற வாட்ஸ எத்தன மணி நேரம் ஓடுதோ அதால பெருக்கி 1000ஆல வகுத்தா யூனிட். 2000 வாட்ஸ் வாட்டர் ஹீட்டர் அரை மணி நேரம் ஓடுனா 1 யூனிட். அதே 1 யூனிட்ல 9 வாட்ஸ் எல்இடி பல்ப் 111 மணி நேரம் எரியும், 75 வாட்ஸ் ஃபேன் 13 மணி நேரம் சுத்தும். அதாவது ஒருத்தர் ஹீட்டர அரை மணி நேரம் சும்மா போட்டுவிட்டத ஈடுகட்ட நான் நாலரை நாள் இருட்டுல உக்காரணும்.

இதுல இருந்து ஒண்ணு மனசுல வெச்சுக்கலாம், சூடு பண்றதும் குளிர வெக்கிறதும் தான் பெரிய தீனி. ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், ஏசி, அவன், துணி காயவெக்கிற மெஷின், இதுங்கள முதல்ல பிடிங்க. 20 லிட்டர் தண்ணிய 30 டிகிரி ஏத்துறதுக்கு கிட்டத்தட்ட 0.7 யூனிட் ஆகும், ஷவர்ல நிமிஷத்துக்கு எட்டு பத்து லிட்டர் போகும், மிச்சத்த நீங்களே போட்டுப் பாருங்க.

ஏசி கணக்கும் இதே மாதிரி தான். வெளிய 34 டிகிரி, உள்ள 24ன்னு வெச்சா வித்தியாசம் 10, அதையே 20ல வெச்சா வித்தியாசம் 14. சுவர் வழியா உள்ள வர்ற சூடு இந்த வித்தியாசத்த பொறுத்து தான் வரும், ஆக நாலு டிகிரி எறக்குனா சுவர் வழியா 40 சதவீதம் அதிக சூடு உள்ள வருது, அத மெஷின் தான் திரும்ப வெளிய தள்ளணும். குளிர் ஊர்ல ஹீட்டர் போடுறவங்களுக்கும் இதையே திருப்பிப் போட்டுக்கலாம். ஃபில்டர கழுவுங்க, திரைச்சீலைய வெயில் வர்றதுக்கு முன்னாடி மூடுங்க, கதவடி இடுக்க பழைய துணியால அடைங்க.

யாரும் தொடாமலே ஓடிட்டிருக்குறதும் உண்டு. டிவி பக்கத்துல இருக்குற ஒரு பெட்டி சும்மா இருக்கும்போது 10 வாட்ஸ் இழுக்குதுன்னா வருஷத்துக்கு 87 யூனிட்டுக்கு மேல, யாரும் எதுவும் பாக்காமலே. எல்லாத்தையும் ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டுல சொருகி படுக்கப் போகும்போது ஒரே சுவிட்ச்ச அணைச்சா முடிஞ்சுது. மொபைல் சார்ஜர பத்தி மட்டும் ரொம்ப அலட்டிக்காதீங்க, 1 யூனிட்ல ஒரு சாதாரண மொபைல நாப்பது தடவ சார்ஜ் போடலாம். குண்டு பல்ப் இன்னும் வெச்சிருந்தா மாத்துங்க, 60 வாட்ஸ் குண்டு பல்ப் தினம் 8 மணி நேரம் எரிஞ்சா மாசம் 14 யூனிட், 9 வாட்ஸ் எல்இடி 2 யூனிட்ட கொஞ்சம் தாண்டும், வெளிச்சம் கிட்டத்தட்ட அதே தான்.

படி 5: தண்ணி

சிறு துளி பெரு வெள்ளம்னு சேமிக்கத்தான் சொல்லிக்குடுத்தாங்க, ஒழுகுற குழாய்க்கும் அது பொருந்தும். குழாய்க்கு அடில ஒரு டம்ளர ஒரு மணி நேரம் வெச்சு அளந்து பாருங்க, 50 மில்லி சேந்துச்சுன்னா நாளைக்கு 1.2 லிட்டர், வருஷத்துக்கு 438 லிட்டர். பெரும்பாலும் உள்ள இருக்குற சின்ன வாஷர் தேஞ்சிருக்கும், வால்வ மூடிட்டு அத மாத்துறது பத்து நிமிஷ வேலை.

கண்ணுக்குத் தெரியாம ஓடுறது டாய்லெட் ஃபிளஷ் டேங்க். டேங்க்ல கொஞ்சம் சமையல் கலர் கலந்துட்டு அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் பண்ணாதீங்க, கீழ கோப்பைல கலர் வந்துச்சுன்னா வால்வு கசியுது. தண்ணி மீட்டர் இருந்தா இன்னும் சுலபம், படுக்கும்போது ரீடிங்க எழுதிட்டு காலைல எழுந்ததும் யாரும் குழாய தொடுறதுக்கு முன்னாடி பாருங்க, மாறியிருந்தா எங்கயோ ஓட்டை இருக்கு.

காய் கழுவுன தண்ணி செடிக்கு. சமைச்ச எண்ணெய சிங்க்ல மட்டும் ஊத்தவே ஊத்தாதீங்க, உள்ள போய் ஆறி, இறுகி, அடைச்சுக்கும், பிளம்பருக்கு குடுக்குற காசுல எத்தன எண்ணெய் வாங்கலாம்.

படி 6: க்ளீனிங் அலமாரிய காலி பண்ணுங்க

தரைக்கு ஒண்ணு, டைலுக்கு ஒண்ணு, கண்ணாடிக்கு ஒண்ணு, அடுப்புக்கு ஒண்ணுன்னு ஒரு காலத்துல எங்க வீட்டுல பதினொரு பாட்டில் இருந்துச்சு. இப்போ பாத்திரம் கழுவுற லிக்விட், பேக்கிங் சோடா, வினிகர், சிட்ரிக் ஆசிட் பவுடர், தேவைன்னா பிளீச், அவ்ளோ தான். எண்ணெய்ப் பிசுக்குக்கு சோப்பு, உப்புத்தண்ணி வெள்ளைக் கறைக்கு ஆசிட், தேய்ச்சு எடுக்கணும்னா சோடா. கெட்டில்ல வெள்ளையா படிஞ்சிருந்தா ஒரு லிட்டர் தண்ணில ஒண்ணு ரெண்டு ஸ்பூன் சிட்ரிக் ஆசிட் போட்டு கொதிக்கவெச்சு அரை மணி நேரம் விட்டா தானா கழண்டு வரும். மார்பிள் தரைல வினிகரோ சிட்ரிக் ஆசிட்டோ படக்கூடாது, கல்லு அரிச்சுப் போகும்.

எல்லா வீடியோலயும் சோடாவையும் வினிகரையும் ஒண்ணா கலந்து நுரை வர்றத காட்டுவாங்க. பாக்க நல்லா இருக்கும், நானும் நம்பி மாசக்கணக்கா பண்ணேன். ஆனா ரெண்டும் சேந்தா ஒண்ண ஒண்ணு முறிச்சுக்கும், நுரை அடங்குனப்புறம் மிஞ்சுறது கிட்டத்தட்ட வெறும் உப்புத் தண்ணி தான், தனித்தனியா போட்டா தான் ரெண்டுக்கும் வேலை. பிளீச்ச மட்டும் வினிகர், ஆசிட், அம்மோனியா கலந்த க்ளீனர்னு எதோடயும் சேக்காதீங்க, வர்ற வாயு நுரையீரல கருக்கிடும், சிக்கனத்துக்காக உயிர பணயம் வெக்க வேண்டாம்.

துணிக்குப் போடுற டிடர்ஜென்ட்ட பாக்கெட்ல சொல்றதுக்கு மேல போடாதீங்க. நுரை ஜாஸ்தின்னா சுத்தம் ஜாஸ்தின்னு ஒரு நெனப்பு, மிச்ச சோப்பு துணிலயே தங்கி தான் சொரசொரன்னு ஆகுது. டவலுக்கு சாஃப்ட்னர் வேணாம், வழவழன்னு ஆகி தண்ணிய உறிஞ்சாது. மெஷின்ல சூட்டுத் தண்ணி வெச்சா பெரும்பாலான கரண்ட் தண்ணிய சூடாக்கத்தான் போகும், சாதாரண அழுக்குக்கு பச்சத்தண்ணி போதும்.

படி 7: இருக்குறத ஓட்டுங்க

துணிய உள்பக்கம் திருப்பி துவைங்க, ஜிப்ப மூடுங்க, பட்டன் ஒண்ணு தொங்குறப்பவே தைச்சிருங்க, விழுந்து தொலைஞ்சா அதே மாதிரி பட்டன் தேடி அலையணும். பழைய டிஷர்ட் துடைக்கிற துணி, அப்புறம் வண்டி துடைக்கிற துணி, அப்புறம் தான் குப்பை. குக்கர்ல விசில் வரலன்னா முதல்ல ரப்பர் கேஸ்கட்ட பாருங்க, மொபைல் சீக்கிரம் சார்ஜ் எறங்குனா பேட்டரிய மட்டும் மாத்த முடியுமான்னு கேளுங்க. பொம்மை, டார்ச், கேமரா மாதிரி பேட்டரிய வேகமா தின்னுற பொருளுக்கு ரீசார்ஜ் பண்ற பேட்டரி வாங்குறது லாபம், சுவர்க்கடிகாரத்துக்கு தேவையே இல்ல, சாதாரண பேட்டரியே வருஷக்கணக்குல ஓடும்.

படி 8: இப்போ தான் கடை

போறதுக்கு முன்னாடி ஃபிரிட்ஜ திறந்து ஒரு ஃபோட்டோ எடுத்துக்கோங்க. லிஸ்ட் எழுதுறது நல்லது தான், நான் பாதி நாள் லிஸ்ட்டயே வீட்டுல மறந்துட்டுப் போறவ, ஃபோட்டோ மொபைல்லயே இருக்கும்.

விலைய பாக்காம விலைய எடையால வகுத்துப் பாருங்க. பாக்கெட் அதே அளவு, விலையும் அதே, உள்ள மட்டும் எடை குறைஞ்சிருக்கும், வகுத்தா தான் மாட்டும். பெரிய பாக்கெட் எப்பவும் லாபம்னும் இல்ல. ஒரு தடவ ஆஃபர்னு பத்து கிலோ மாவு தூக்கிட்டு வந்தேன், நாலு கிலோ வண்டுக்குப் போச்சு. வகுத்துப் பாத்தா சின்ன பாக்கெட் தான் மலிவு! சோப்பு, டிஷ்யூ, உப்பு மாதிரி கெடாதத மொத்தமா வாங்குங்க, மத்தது ஒரு மாசத்துல தீரும்னா மட்டும். அரிசி மாவு வாங்குனதும் ஒரு வாரம் ஃப்ரீசர்ல வெச்சு எடுத்தா பூச்சியும் முட்டையும் செத்துரும், அப்புறம் காத்து புகாத டப்பால போடுங்க, வெளிய எடுத்ததும் ஈரம் கோக்கும், அது காஞ்சப்புறம் திறங்க.

கொஞ்சம் பெரிய பொருள்னா ஆசப்பட்ட தேதியோட ஒரு பேப்பர்ல எழுதிட்டு ஒரு மாசம் விடுங்க. என் பேப்பர்ல பாதிக்கு மேல அடிச்சு வெச்சிருக்கேன், சிலது எதுக்கு எழுதுனேன்னே ஞாபகம் இல்ல. அப்படியே பேங்க் ஸ்டேட்மென்ட்ட மூணு மாசத்துக்கு எடுத்து, தானா பிடிச்சுட்டுப் போற சந்தா எல்லாத்தையும் குறிங்க, கடைசியா எப்போ பயன்படுத்துனோம்னு யோசிங்க, ஞாபகம் வரலன்னா நிறுத்துங்க.

படி 9: இதுக்கப்புறமும் மிஞ்சுற குப்பை

காய்த்தோல், டீத்தூள், முட்டை ஓடு இதெல்லாம் உரமாகும். ஓட்டை போட்ட ஒரு வாளில ஒரு பங்கு ஈரக்குப்பைக்கு ரெண்டு மூணு பங்கு காஞ்ச இலையோ கிழிச்ச அட்டைப்பெட்டியோ போட்டு வாரத்துக்கு ரெண்டு தடவ கிளறுங்க. நாத்தம் வந்தா ஈரம் ஜாஸ்தி, இன்னும் காஞ்சது போடுங்க, ஒண்ணுமே நடக்காம அப்படியே கெடந்தா கொஞ்சம் தண்ணி தெளிங்க. இறைச்சி, பால், எண்ணெய் வேணாம், எலி வரும்.

ரெண்டு மாசம் கழிச்சு முதல் படி பேப்பர இன்னொரு தடவ ஒட்டுங்க. எங்க வீட்டுல ரெண்டாவது தடவ எழுதுனப்போ கீரை லிஸ்ட்லயே வரல, சோறு ஒரு தடவ வந்துச்சு, பிரெட் மட்டும் மூணு தடவ அசையாம ஒக்காந்திருந்துச்சு, இப்போ வாங்குன அன்னிக்கே பாதி ஃப்ரீசருக்குப் போயிடுது.